அணைத்த பிறகும் இருக்கிற கரண்ட்

என் அப்பா எனக்குச் சொல்லித்தந்த மின்சாரப் பாடம் ஒன்றே ஒன்றுதான். "சிவப்ப அமுக்கிட்டு மெயின எறக்கிட்டா செத்துப்போச்சு. அப்புறம் பயப்படாத." வடக்குப்பட்டில் எங்கள் கிணற்றடி மோட்டார் கொட்டகையில், மரப்பலகையில் திருகி வைத்த இரும்புப் பெட்டிதான் ஸ்டார்ட்டர். பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று, இரண்டே பொத்தான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். ஆனாலும் அவர் சொன்னதில் அன்றைக்குப் பிழையில்லை. மெயினை இறக்கிவிட்டால் அந்தப் பெட்டிக்குள் எந்தத் திருகையும் வெறும் கையால் தொடலாம். அந்தப் பாடத்தை மறக்க எனக்குப் பத்து வருடம் ஆயிற்று; இடது கட்டைவிரலில் ஒரு தழும்பும் மிச்சம். இந்தப் பக்கத்தில் மோட்டார் வேலை பார்த்த என் வயதுக்காரர்கள் பலருடைய கதையும் இதுதான்.

எங்களுக்குப் பக்கத்து ஒரகடம் கூட்டுரோட்டில் இன்று கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடக்கிறவர்களுக்கு அந்தப் பழைய ஊரைச் சொன்னால் நம்பமாட்டார்கள். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையும், சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் அது. சுற்றிலும் ஏரிப் பாசனம். ஏரி வற்றினால் கிணறு. கிணற்றில் முதலில் ஏற்றமும் கவலையும், பிறகு ஆயில் இன்ஜின், அதற்குப் பிறகு மோட்டார். 1957-இல் மின்சார வாரியம் ஏற்பட்டதற்குப் பிந்திய இருபது வருடத்தில்தான் எங்கள் பக்கத்து வயல்களில் கம்பம் நடுவது மும்முரமாக நடந்தது. கவலை ஓட்டிய மாட்டை விற்றுத்தான் மோட்டார் வாங்கினோம் என்று அம்மா சொல்வாள்.

எங்கள் மோட்டாரும் கோயமுத்தூர்ச் சரக்குதான். அங்கே ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் மோட்டார் செய்து காட்டியதிலிருந்து தமிழ்நாட்டுக் கிணறுகளுக்கு அந்த ஊர்தான் தாய்வீடு. ஐந்து எச்பி. நேம் பிளேட்டில் வேகம் 1440 என்று இருக்கும். ஏன் 1440, ஒரு வட்டத் தொகையாக 1500 இல்லை என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். நான்கு துருவ மோட்டாருக்கு 50 சைக்கிள் கரண்ட் கொடுத்தால் உள்ளே காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும். ரோட்டார் அதைத் துரத்திக்கொண்டே கொஞ்சம் பின்தங்கி ஓடும். பின்தங்கினால்தான் அதற்கு இழுவை. மூன்று பேஸில் ஓடும் இந்தக் கூண்டு ரோட்டார் மோட்டாரை 1889-இல் ஜெர்மனியில் வேலை பார்த்த தொலிவோ-தொப்ரோவோல்ஸ்கி என்ற ரஷ்யர் செய்தார். கார்பன் பிரஷ் இல்லை, உராய்ந்து தேய பேரிங்கைத் தவிர ஒன்றும் இல்லை. சேற்றிலும் மழையிலும் முப்பது வருடம் ஓடும். ஒரே குறை, அதற்கு ஒரு வேகம்தான் தெரியும். சைக்கிள் எவ்வளவோ அவ்வளவுதான் ஓடும். கெஞ்சினாலும் மிரட்டினாலும் மாறாது.

கொட்டகையில் நாங்கள் கற்ற வித்தைகளை இப்போது நினைத்தால் குலை நடுங்குகிறது. கரண்ட் போனால் ஸ்டார்ட்டரின் ஹோல்டிங் காயில் விட்டுவிடும். கரண்ட் வந்ததும் யாராவது போய்ப் பச்சையை அமுக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு யார் எழுந்து போவது? கான்டாக்டருக்கு இடுக்கில் ஒரு வேப்பங்குச்சியைச் செருகிவிட்டு வந்து படுத்துக்கொள்வார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் தானே ஓடும். ஒரு பேஸ் வராத நேரத்தில் கண்டன்சர் போட்டு இரண்டு பேஸில் ஓட்டுவார்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியை முறுக்கி வைப்பார்கள். இரண்டு குண்டு பல்பை வரிசையாகக் கோத்து டெஸ்ட் லேம்ப். ஒரு பல்பு 230 வோல்ட்தான் தாங்கும், பேஸுக்கும் பேஸுக்கும் நடுவில் 415, அதற்காகத்தான் இரண்டு. தப்பு, ஆனால் அறிவில்லாத வேலை இல்லை.

அதனால் மோட்டார்கள் எரிந்தன. 1990-இல் உழவர்கள் எல்லோருக்கும் இலவச மின்சாரம் வந்த பிறகு மோட்டாரும் பெருகியது, எரிவதும் பெருகியது. காயில் கட்டும் கடைகளுக்கு அது நல்ல காலம். நான் அதற்கு முன்பே, பத்தாவது முடித்த கையோடு, வாலாஜாபாத்தில் ஒரு கடையில் எடுபிடியாகச் சேர்ந்திருந்தேன். மேஸ்திரி மோட்டாரைத் திறந்ததும் முகர்ந்துதான் பார்ப்பார். பிறகு காயில்களை எண்ணுவார். மூன்று பேஸில் இரண்டு கறுத்து ஒன்று பளபளவென்று இருந்தால், "ஸ்டார் கனெக்‌ஷன்டா, ஒரு பேஸ் போயி ஓட்டியிருக்கான்." ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அதே குற்றம், டெல்டா கனெக்‌ஷன். மொத்தமும் கறுத்திருந்தால் லோடு. நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரிதான். பிற்பாடு செங்கல்பட்டு ஐடிஐயில் இரண்டு வருடம் எலக்ட்ரீஷியன் படித்தேன், நல்ல படிப்புதான். ஆனால் மோட்டாரை நான் புரிந்துகொண்டது அந்த மூக்கின் வழியாகத்தான்.

வேகத்தை மாற்ற வேண்டும் என்ற தேவையே எனக்குக் கிண்டிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. ஒரு ரப்பர் பட்டறையில் வேலை. ரப்பர் பிதுங்கி வரும் மெஷினுக்குச் சரக்குக்குச் சரக்கு வேறு வேகம் வேண்டும். மோட்டார் மாறாதே, அதனால் மோட்டாருக்கு வெளியே மாற்றினார்கள். லேத்தில் படிப்படியாக இருக்கும் புல்லியில் பெல்ட்டை மாற்றுவது எளிய வழி. அதைவிடப் பெரிது, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிஐவி கியர்பாக்ஸ். அப்புறம் டைனோ டிரைவ்: மோட்டார் முழு வேகத்தில் ஓட, நடுவில் ஒரு காந்தக் கிளட்ச் வழுக்கி வழுக்கி வேகத்தைக் குறைக்கும், குறைத்ததெல்லாம் சூடாக வெளியே போகும். கோடையில் அந்த மூலைக்கு யாரும் போகமாட்டோம். வசதியுள்ள ஆலைகள் டிசி மோட்டார் வைத்திருந்தன. அமெரிக்காவில் வார்டு லியோனார்டு என்பவர் 1891-இல் கண்ட ஏற்பாடு ஒன்றைப் பழைய ஆலையில் பார்த்திருக்கிறேன். ஒரு ஏசி மோட்டார் ஒரு ஜெனரேட்டரை ஓட்ட, அந்த ஜெனரேட்டர் ஒரு டிசி மோட்டாரை ஓட்ட, ஆக மூன்று இயந்திரம் ஒரு வேகத்துக்கு. வேலை அற்புதமாகச் செய்யும். வாரம் ஒரு முறை கார்பன் தூளைத் துடைத்துவிட்டு மூக்குச் சிந்தினால் கறுப்பாக வரும்.

கூண்டு மோட்டாருக்கே சைக்கிளை மாற்றிக் கொடுத்தால் என்ன என்ற யோசனை பழையது. அதைச் செய்ய ஸ்விட்சு இல்லை. 1957-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் தைரிஸ்டர் என்ற ஸ்விட்சைச் செய்த பிறகு வழி திறந்தது. 1964-இல் ஸ்விட்சர்லாந்தின் பிரவுன் போவெரி நிறுவனத்தில் ஷோனுங், ஸ்டெம்லர் என்ற இருவர், டிசியைத் துண்டு துண்டாக, அகலமும் குறுகலுமாக வெட்டிக் கொடுத்து மோட்டாரை ஏசி என்று நம்பவைக்கும் முறையை வகுத்தார்கள். 1968-இல் டென்மார்க்கின் டான்ஃபாஸ், இப்படிச் சைக்கிளை மாற்றிக் கொடுக்கும் பெட்டியை, அதாவது டிரைவை, விஎல்டி 5 என்ற பெயரில் கடைச்சரக்காகத் தயாரித்து விற்றது. அந்த டான்ஃபாஸின் வளாகம் இன்று எங்கள் ஒரகடத்தில் இருக்கிறது. விஎல்டி 5 வந்த வருடம் அந்தச் சாலையில் மாட்டு வண்டிதான் ஓடியிருக்கும்.

டிரைவ் எங்களிடம் வந்தது கார்களோடு. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால் ஊன்றியது, 1998-இல் சான்ட்ரோ வெளிவந்தது. பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள். 2000-இல் செயின்ட்-கோபெய்னின் கண்ணாடி ஆலை, 2006-இல் நோக்கியா, 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான், 2012-இல் டைம்லர் லாரி, 2013-இல் ராயல் என்ஃபீல்டு. கிண்டிக்கும் அம்பத்தூருக்கும் பஸ் பிடித்துப் போன எங்களைத் தேடி வேலையே ஊருக்கு வந்தது. கான்டிராக்டர்கள் கேட்டது ஒன்றுதான்: "மோட்டார் வயரிங் தெரியுமா?" தெரியும் என்றோம். தெரிந்தது ஸ்டார்ட்டர்.

முதல் டிரைவை நான் 1999-இல் பார்த்தேன். கல்லாப்பெட்டி அளவில் சாம்பல் நிறப் பெட்டி. கொரியாக்காரர் ஒருவர் அதை 'இன்வர்ட்டர்' என்றார். நாங்கள் பேட்டரி எங்கே என்று தேடினோம். எங்களுக்கு இன்வர்ட்டர் என்றால் கரண்ட் போனால் ஃபேன் ஓட்டுவது. அவர் சிரிக்கவில்லை. நாங்கள் கேட்டது அவருக்கே புரியவில்லை.

அந்தப் பெட்டிக்குள் நடப்பதை அன்றைக்கு யாராவது தமிழில் ஐந்து நிமிடம் சொல்லியிருந்தால் என் விரல் தப்பியிருக்கும். உள்ளே வரும் 415 வோல்ட் ஏசியை முதலில் டிசியாக மாற்றுகிறது. அது சுமார் 585 வோல்ட். அந்த டிசியைத் தடித்த கெப்பாசிட்டர்களில், தொட்டியில் தண்ணீர் கட்டுவதுபோல, தேக்கி வைக்கிறது. அங்கிருந்து வெட்டி மோட்டாருக்கு அனுப்புகிறது. மெயினை இறக்கினால் தொட்டிக்கு வரும் தண்ணீர்தான் நிற்கும். தொட்டி?

ஒரு உதிரிபாகக் கம்பெனி, பெயர் வேண்டாம். கன்வேயர் டிரைவ் ஃபால்ட் காட்டியது. பிரேக்கரை இறக்கினேன். மெயின் நுழையும் ஆர், எஸ், டி மூன்றிலும் டெஸ்டர் வைத்தேன், விளக்கு எரியவில்லை. அப்பாவின் பாடப்படி செத்துப்போச்சு. மூடியைக் கழற்றி ஒரு திருகைத் தளர்த்தப் போனேன். ஸ்க்ரூட்ரைவர் வழுக்கி பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே விழுந்தது. தீபாவளி லட்சுமி வெடி கைக்குள் வெடித்த மாதிரி. ஸ்க்ரூட்ரைவரின் நுனி உருகி மணியாகத் தொங்கியது. கட்டைவிரல் வெந்தது, உயிர் போகாதது தற்செயல்தான். சூப்பர்வைசர் ஓடி வந்து கேட்ட முதல் கேள்வி: "மூடிமேல எழுதியிருந்தத படிச்சீங்களாண்ணே?" பத்து நிமிடம் காத்திருக்கவும் என்று மஞ்சள் லேபிளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். ஸ்டார்ட்டர் பெட்டியைப் படித்துப் பார்க்கிற பழக்கம்தான் எங்கள் யாருக்கும் இல்லை.

காத்திருந்தால் மட்டும் போதாது என்பதைப் பிற்பாடு கற்றேன். பத்து நிமிடம் கழித்தும் டிசி மீட்டரை வைத்துப் பிளஸ், மைனஸ் நடுவே அளந்து பார்த்துத்தான் கை வைக்க வேண்டும். உள்ளே தொட்டியை வடிக்கும் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது. அது எரிந்து போயிருந்தால் லேபிள் சொல்லும் நேரத்துக்கு மதிப்பில்லை. அதேபோல, மோட்டார் நின்றிருக்கிறது, டிஸ்பிளேயில் பூஜ்யம் காட்டுகிறது என்பதற்காக மோட்டாருக்குப் போகும் யூ, வி, டபிள்யூவைத் தொடக் கூடாது. நிறுத்தியது டிரைவின் உத்தரவுதான், துண்டித்த ஸ்விட்சு அல்ல.

இன்னொரு தொழிற்சாலையில் ஒரு பையன், புத்திசாலி, மெயினைக் கொண்டுபோய் யூ, வி, டபிள்யூவில் கொடுத்துவிட்டான். பழைய ஸ்டார்ட்டரில் மேலே கொடுத்தாலும் கீழே கொடுத்தாலும் கான்டாக்டர் பேசாமல் இருக்கும். டிரைவ் அப்படி இல்லை. முறையான வாசலில் மெயின் நுழைந்தால் ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கெப்பாசிட்டர் மெல்ல நிரம்பும். கொல்லை வாசலில் நுழைந்தால் தடுக்க ஆள் இல்லை. டயோடு வழியாக ஒரே பாய்ச்சல். சுவிட்சைப் போட்டதும் பேனல் கதவு திறந்துகொண்டது. நல்லவேளை, பையன் பக்கவாட்டில் நின்றிருந்தான். முதல் முறை பவர் கொடுக்கும்போது பேனலுக்கு நேரே நிற்காதே என்று இன்றும் நான் சொல்வது அவனால்தான்.

ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு டிரைவ் போடும் வேலை 2000-க்குப் பிறகு ஏராளமாக வந்தது. ஃபேனின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் கரண்ட் செலவு பாதியாகிறது என்று முதலாளிகளுக்குத் தெரிந்துவிட்டது. அதிலும் பழைய பழக்கம் காலை வாரியது. அந்த மோட்டாரிலிருந்து ஆறு வயர் வரும். ஸ்டாரா டெல்டாவா என்று இணைத்தது ஸ்டார்ட்டர். ஸ்டார்ட்டர் போனபின் அந்த இணைப்பை மோட்டாரின் டெர்மினல் பெட்டியில் நாம் போட வேண்டும், நேம் பிளேட்டில் 415 டெல்டா என்றால் டெல்டா. பலர் ஸ்டாரிலேயே முடிச்சுப் போட்டுவிட்டார்கள். மோட்டார் ஓடும், லோடு வந்தால் முனகும், டிரைவ் ட்ரிப் ஆகும். டிரைவ் சரியில்லை என்று திருப்பி அனுப்பிய டிரைவ்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து.

டிரைவுக்குள் வெட்டும் ஸ்விட்சைத் தந்த பலிகாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பி. ஜெயந்த் பலிகா 1948-இல் சென்னையில் பிறந்தவர், 1969-இல் சென்னை ஐஐடியில் எலக்ட்ரிகல் முடித்தவர். ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலை பார்த்தபோது 1980களின் தொடக்கத்தில் ஐஜிபிடி என்ற ஸ்விட்சை உருவாக்கினார். இன்றைக்குப் பெரும்பாலான டிரைவ்களைத் திறந்தால் வெட்டும் வேலையைச் செய்வது அதுதான். பல ரயிலிலும் மின்சாரக் காரிலும் அதுதான். 2024-இல் பின்லாந்தின் மில்லேனியம் பரிசு அவருக்குக் கிடைத்தது. கிண்டியில் நான் லைசென்ஸுக்கு அலைந்த அலுவலகத்திலிருந்து அவர் படித்த ஐஐடி கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். அவர் பெயரை நான் ஐம்பது வயதில்தான் கேள்விப்பட்டேன். அது என் குறையா, நம் ஐடிஐ பாடத்தின் குறையா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

இன்றைய டிரைவ் வயரிங் விதிகளில் பாதி அந்த ஸ்விட்சின் வேகத்தால் பிறந்தவை. முன்னால் வந்தவை மெதுவாக வெட்டின. மோட்டார் சங்கு ஊதுவது போலக் கத்தும். ஐஜிபிடி நொடிக்குப் பல ஆயிரம் தடவை, மைக்ரோ நொடிக்கும் குறைவான நேரத்தில் படாரென்று திறந்து மூடும். கத்தல் அடங்கியது; வேறு தொல்லை வந்தது. ஓடுகிற வாய்க்காலில் மடையை ஒரே அடியாக அடைத்தால் தண்ணீர் எதிர்த்துத் திரும்பிக் கரைமேல் ஏறுமே, அதுபோல நீண்ட கேபிளின் மறுமுனையில் வோல்டேஜ் இரண்டு மடங்கு வரை எகிறும், கிட்டத்தட்ட 1200. பழைய மோட்டாரின் எனாமல் அதற்குச் செய்ததல்ல. காயிலின் முதல் சில சுற்றுகளில் ஊசி குத்தியது போல் ஓட்டை விழும். மேஸ்திரியின் மூக்குக்கு அகப்படாத சாவு அது. கேபிளைக் குறைத்துப் போடு, முடியாவிட்டால் நடுவே ஃபில்டர் போடு, இன்வர்ட்டர் டியூட்டி மோட்டார் வாங்கு என்று சொல்வது அதனால்தான்.

பேரிங் இன்னொரு கதை. கிரீஸ் போட்டுத்தான் வைத்திருப்போம், ஆறு மாதத்தில் கர்ரென்று சத்தம். கழற்றிப் பார்த்தால் வளையத்தில் அம்மி கொத்தியது போல வரிசையாகக் கோடு. ஷாஃப்டில் ஏறிய கரண்ட் எர்த்துக்குப் போக வழி தேடி, பேரிங்குக்குள் கிரீஸைத் துளைத்து, பொடிப்பொடியாகப் பொறி விட்டுப் போட்ட கோடு அது. அந்தக் கரண்டுக்கு நல்ல வழி காட்டத்தான் ஷீல்டு கேபிளும் அதைக் கவ்வும் கிளாண்டும். நாங்கள் ஷீல்டைப் பெண் பிள்ளைகளுக்குச் சடை போடுவது போல முறுக்கி, ஒரு லக்கில் அடித்து எர்த்தில் கட்டிக்கொண்டிருந்தோம். 50 சைக்கிள் கரண்டுக்கு அது போதும். இந்த வேகக் கரண்டுக்குச் சடை ஒரு தடை. கிளாண்டு ஷீல்டைச் சுற்றிலும் கவ்வ வேண்டும், டிரைவ் பக்கமும் மோட்டார் பக்கமும். அதைச் செய்யாத ஒரு லைனில் சென்சார் காரணமில்லாமல் கன்வேயரை நிறுத்தும். பேய் என்றுகூடச் சொன்னார்கள். ஒரு வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழமும் கட்டினார்கள். கிளாண்டு மாற்றிய பிறகு பேய் வரவில்லை.

வேப்பங்குச்சியைச் சொன்னேனே, அது டிரைவுக்குள்ளும் இருக்கிறது. ஆட்டோ ரீஸ்டார்ட் என்று ஒரு பாராமீட்டர். ஆன் செய்து வைத்தால், கரண்ட் போய் வந்ததும் மோட்டார் தானே கிளம்பும். மின்வெட்டு மும்முரமாக இருந்த 2012 வாக்கில் இதை ஆன் செய்து வைக்காத லைன் குறைவு. கிணற்றில் ராத்திரி இரண்டு மணிக்கு ஆள் இல்லை. கன்வேயரில் பெல்ட்டுக்குள் கைவிட்டு அடைப்பை எடுக்கிற பெண்பிள்ளை இருக்கிறாள். நான் அதை எங்கே பார்த்தாலும் முதல் வேலையாக ஆஃப் செய்கிறேன். ஏன் என்று கேட்டால் குச்சிக் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் கிணற்றை இப்போது தேடினால் கிடைக்காது. அந்த இடத்தில் சாலை போகிறது. 2022-இல் தொல்லியல் துறை வடக்குப்பட்டில் தோண்டியபோது கற்கருவிகள் கிடைத்தன, 12,000 வருடப் பழசு என்றார்கள். மேலே சங்க காலத்து ஓடு, அதற்கும் மேலே பல்லவர் காலத்துச் சுவடு. வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். சுரண்டுவதற்கும் வெட்டுவதற்கும் தனித்தனியாகக் கொத்தி வைத்திருந்தான் அவற்றைச் செய்த ஆள். கருவி ஒவ்வொன்றுக்கும் பிடிக்கிற விதம் வேறு என்று அவன் தன் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பான் என்றுதான் அன்றைக்கு யோசித்துக்கொண்டு திரும்பினேன்.

நமக்குச் சொல்லித்தர விதிப்புத்தகம் இருக்கிறது: 1956-ஆம் வருடத்து மின்சார விதிகள் போய் 2010-இல் புதிது வந்தது, 2023-இல் அதுவும் மாறிவிட்டது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. பேனலுக்கு முன் நிற்கிறவன் காகிதத்தைப் பார்ப்பதில்லை, கதவைப் பார்க்கிறான். அதனால் நான் ஓய்வு பெற்ற பிறகு கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் ஒரு வேலை செய்கிறேன். டிரைவ் இருக்கும் பேனலின் கதவில், உள்பக்கம், கெட்டியான தாளில் தமிழில் எழுதி ஒட்டுகிறேன்: 'மெயின் ஆஃப். பூட்டு. லேபிளில் உள்ள நிமிடம் காத்திரு. பிளஸ் மைனஸ் அளந்து பார். பிறகு தொடு.' இப்போது ஷிப்டில் பாதிப் பேர் ஒடிசாவும் பீகாரும்; அவர்களையே கேட்டு அதன் கீழே ஒடியாவிலும் இந்தியிலும் எழுதி வாங்கி ஒட்டியிருக்கிறேன். ஒரு தாளுக்குப் பத்து ரூபாய்கூட ஆகவில்லை. உங்கள் பேனலில் இல்லையென்றால் நாளைக்கே ஒட்டிவிடுங்கள்.